"என் மெஷினில் ஓடுகிறதே" என்று எழுதும் நண்பர்களுக்கு

லினக்ஸ் கெர்னலுக்கு நிரல் எழுதும் தமிழ் நண்பர்களே,

உங்கள் முதல் பேட்ச் கெர்னலில் சேர்ந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். கமிட் வரலாற்றில் உங்கள் பெயர் வரும் இடத்தைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினீர்கள். அம்மாவுக்கு மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் பெயர் புரிந்தது. அலுவலகத்தில் யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து வந்த ஒரு மின்னஞ்சலுக்கு நீங்கள் எழுதிய பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். புதிய கெர்னல் போட்டதிலிருந்து தன் மடிக்கணினி தூங்கினால் எழுவதில்லை, தேடிப் பார்த்ததில் உங்கள் கமிட்டில் வந்து நிற்கிறது என்று. நீங்கள் "என் மெஷினில் ஓடுகிறதே" என்று ஒரு வரி எழுதினீர்கள். சிலர் அதைக்கூட எழுதவில்லை. வேறு பிராஜெக்டுக்கு மாறியிருந்தீர்கள், அல்லது வேலையே மாறி, பேட்சில் போட்டிருந்த பழைய அலுவலக முகவரி செத்துப்போயிருந்தது. எழுதியவருக்கு அவர் கடிதமே திரும்பி வந்தது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வெளியே நிற்க முடியாது. அப்படி ஒரு பதிலை எழுதியவன்தான் நானும். பல ஆண்டுகளுக்கு முன், டச்பேட் டிரைவர் ஒன்றில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு திருத்தம் செய்தேன். சிப் தயாரித்தவர்களின் ஆவணப்படி அது நூற்றுக்கு நூறு சரி. ஒரு கல்லூரி மாணவர் தன் பழைய மடிக்கணினியில் டச்பேட் செத்துக் கிடப்பதாக எழுதினார். 'உங்கள் கணினியின் ஃபர்ம்வேர் தப்பு' என்று பதில் போட்டேன். அது உண்மையும்கூட. பதினோரு நாள் விடாமல் வாதாடினேன். பன்னிரண்டாம் நாள் பராமரிப்பாளர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என் கமிட்டை ரிவர்ட் செய்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஆண்டு மதிப்பீட்டுக்குச் சேர்ந்த பேட்ச்களை எண்ணுவார்கள், திரும்பிப்போனதைக் கழிப்பார்கள். அந்த மாணவரைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வெகுநாள் கழித்து, பழைய அஞ்சல்களை ஒதுக்கும்போது அவர் கடிதத்தை மறுபடி படித்தேன். கீழே ஒரு நீண்ட பட்டியல் இருந்தது: கிட் பைசெக்ட் செய்த பதிவு. அந்தப் பட்டியலின் அர்த்தம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை கணக்குப் போடுவோம். ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பதின்மூன்றாயிரம், பதினான்காயிரம் கமிட்கள் சேர்கின்றன. பாதியில் வெட்டி, நல்ல பாதி கெட்ட பாதி என்று பிரித்து, கெட்டதை மறுபடி வெட்டி, இப்படியே போனால் ஒற்றைக் கமிட்டைப் பிடிக்க 14 சுற்று வேண்டும். 14 தடவை கெர்னலைக் கம்பைல் செய்யணும், 14 தடவை துவக்கணும், 14 தடவை டச்பேட் ஓடுகிறதா என்று பார்க்கணும். பழைய மடிக்கணினியில் ஒரு கம்பைல் முடிவதற்குள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடலாம். சம்பளம் வாங்காத ஒரு பையன் பல இரவு கண்விழித்து என் தப்பைத் தேடிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறான். நான் அவனிடம் ஃபர்ம்வேரைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியிருக்கிறேன்.

நம்மில் பலர் இரண்டை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பழி வேறு, பொறுப்பு வேறு. தப்பு யாருடையது என்பது பழியைப் பற்றிய கேள்வி. நேற்றுவரை ஓடிய கணினி இன்று ஓடவில்லையே, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது பொறுப்பைப் பற்றியது. முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதற்கு விடை சொல்லலாம். நாம் என்ன செய்கிறோம்? முதல் கேள்வியில் ஜெயித்துவிட்டால் இரண்டாவது தானாக ஒழிந்துவிடும் என்று நினைக்கிறோம். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளைக்கே கிட்டில் 'பிளேம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் நம் புத்தியைக் கெடுத்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பேட்ச் சரியாக இருந்தும் பொறுப்பு வந்து சேரும் என்பதற்கு 5.3 பதிப்பின் கதையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அது 2019 செப்டம்பர் 15 அன்று வெளியானது. வெளியாவதற்குச் சில நாள் முன்பு ஒரு புகார் வந்தது: கணினி துவங்குகிறது, லாகின் திரை வருவதற்கு முன் அப்படியே நின்றுவிடுகிறது. பைசெக்ட் செய்து பார்த்தால் கிடைத்த கமிட் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இருந்தது. வட்டிலிருந்து துண்டுதுண்டாகப் படிப்பதைச் சேர்த்துப் படிக்கவைக்கும் சின்னத் திருத்தம். வட்டுக்குப் போகும் வேலை குறைந்தது, படிப்பது வேகமானது. இதில் தப்பு எங்கே?

தப்பு இல்லை என்பதுதான் சிக்கல். கெர்னல் தன் சீரற்ற எண் கிடங்கை நிரப்ப, வட்டு முதலிய சாதனங்கள் எழுப்பும் குறுக்கீடுகளின் நேரக் கணக்கை நம்பியிருந்தது. வட்டுக்கு வேலை குறைந்ததும் குறுக்கீடு குறைந்தது. கிடங்கு நிரம்ப நேரமானது. அதற்குள் லாகின் மென்பொருள் 'கெட்ரேண்டம்' அழைப்பில் சீரற்ற எண் கேட்டுக் கை நீட்டியது. கிடங்கு நிரம்பாமல் எண் கொடுக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் கெர்னல் அதைக் காக்கவைத்தது. காத்திருந்ததால் கணினியில் வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் குறுக்கீடும் வரவில்லை. குறுக்கீடு வராததால் கிடங்கும் நிரம்பவில்லை.

இப்போது பஞ்சாயத்தைக் கூட்டுங்கள். எக்ஸ்ட்4 சொல்லும்: நான் வேகமாகத்தானே ஆக்கினேன். சீரற்ற எண் பகுதி சொல்லும்: நான் பாதுகாப்பைத்தானே காத்தேன். லாகின் மென்பொருள் சொல்லும்: நான் கொடுத்திருந்த அழைப்பைத்தானே பயன்படுத்தினேன். மூன்றும் உண்மை. மூன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் பயனர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 5.3-ஐ வெளியிடும் நேரத்தில் எக்ஸ்ட்4 கமிட்டை ரிவர்ட் செய்தார். வெளியீட்டு அறிவிப்பிலேயே அதை விளக்கவும் செய்தார்: திரும்ப எடுத்த மாற்றத்தில் வழு ஏதும் இல்லை, அது செய்ய வந்ததை நன்றாகவே செய்தது, ஆனாலும் பயனரிடம் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதால் எடுத்தேன் என்று.

கதை அங்கே முடியவில்லை. நாம் யாரும் கவனிக்காமல் விடுகிற பாதி இனித்தான் வருகிறது. செப்டம்பர் முடிவதற்குள், கிடங்கு நிரம்பாதபோது செயலியின் நேர நடுக்கத்திலிருந்து கெர்னலே சீரின்மையைத் திரட்டிக்கொள்ளும் ஏற்பாடு 5.4-க்குள் வந்தது. வந்த கையோடு அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தார்கள். எக்ஸ்ட்4 திருத்தம் வீடு திரும்பியது. வெளியே இருந்தது இரண்டு வாரம். நண்பர்களே, ரிவர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏன் மரண தண்டனை போலத் தோன்றுகிறது? அது வெயிலில் காயப்போட்டதை மழை வந்தால் உள்ளே எடுத்துவைப்பது மாதிரி. வெயில் வந்தால் மறுபடி போடலாம்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள். "பயனர் மென்பொருள் தப்பாக எழுதப்பட்டிருந்தால் அதற்கு நாங்களா பொறுப்பு? தப்பை நம்பி எவனோ நிரல் எழுதினால், தப்பைத் திருத்தவே கூடாதா?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலை நம் பள்ளி இலக்கணத்திலேயே படித்திருக்கிறோம். 'பக்' என்பதற்கு 'வழு' என்ற சொல்லைத் தேர்ந்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். வழு என்றதும் அதன் தம்பியும் நினைவுக்கு வந்துவிடுகிறான்: வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை பிசகியிருக்கிறது. ஆனால் உவப்பினால் சொன்னது என்று இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. பிசகு என்று தெரியும். தெரிந்தே, காரணம் கருதி, இருக்கட்டும் என்று அமைகிறது. கெர்னலின் முதல் விதியும் இதுதான். ஆண்டுக்கணக்கில் ஒரு அழைப்பு தப்பான பிழைக்குறியைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது, அதை நம்பிப் பயனர் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தத் தப்பு இனி வழுவமைதி. ஆவணத்தைக் காட்டி அதைத் திருத்த உங்களுக்கு உரிமை கிடையாது. யாரும் நம்பியிருக்கவில்லை என்றால் தாராளமாகத் திருத்துங்கள்.

இந்த விதியை லினஸ் 2012 டிசம்பரில் சொன்ன விதம் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். மீடியா டிரைவரில் ஒரு பிழைக்குறி மாறியது. ஒலி மென்பொருள்கள் உடைந்தன. பராமரிப்பாளர் ஒருவர் தப்பு அந்த மென்பொருள்களில் இருப்பதாகச் சொன்னார். லினஸ் பெரிய எழுத்துகளில் அவர்மீது பாய்ந்தார். ஆறு ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், தன் பேச்சால் பலரைப் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியும் இருந்தார். 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. 2012-இல் விதி சரி, குரல் தப்பு. நம் ஆட்கள் பலர் குரலை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டார்கள். புதிதாக வருகிற பையன் ஒரு தப்பு செய்தால் அவனை நாலு பேர் முன்னால் கிழிக்கிறார்கள். தங்கள் பேட்சால் ஒருவர் கணினி படுத்தால் ஃபர்ம்வேரைக் கைகாட்டுகிறார்கள். திட்டுவாங்கும் பயம் இருக்கிற இடத்தில் எவன் கை தூக்கி 'என்னுடையது' என்பான்? வகுப்பில் மை கொட்டியவனை அடிக்கிற வாத்தியாரிடம் மை எப்போதும் தானாகத்தான் கொட்டும்.

'இது என் பகுதியில் இல்லை' என்பது இன்னொரு தப்பிக்கும் வழி. 2008-இல் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளைப் போட்டுப்பார்த்த சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் அட்டை அடியோடு செத்துப்போனது. மென்பொருள் நின்றுபோனால் திரும்பத் துவக்கலாம். இங்கே அட்டையின் உள்நினைவே அழிந்துவிட்டது. அந்த அட்டையின் டிரைவர் பெயர் இ1000இ. ஊரெல்லாம் அதைத்தான் பிடித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உண்மையில் தப்பு நடந்தது டிரைவரிலிருந்து வெகுதூரத்தில், எஃப்டிரேஸ் என்ற தடம்பிடிக்கும் வசதியில். செயற்கூறுகளின் தொடக்க இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அங்கே போய் நிரலையே மாற்றி எழுதுவது அதன் வேலை. குறித்துவைத்த நினைவகம் இடையில் விடுவிக்கப்பட்டு, அந்த முகவரியில் நெட்வொர்க் அட்டையின் உள்நினைவு வந்து உட்கார்ந்துவிட்டால்? பழைய வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு புதுக் குடித்தனக்காரரின் கதவைத் தட்டிய கதை. தட்டிய தட்டில் அட்டை போய்விட்டது.

இதில் நான் உங்களிடம் காட்ட விரும்புவது டிரைவர் எழுதிய இன்டெல் பொறியாளர்கள் செய்ததை. காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, யார் வந்து எழுதினாலும் எழுத முடியாதபடி அட்டையின் உள்நினைவைப் பூட்டுவதற்கான பேட்ச்களைப் போட்டார்கள். திருடன் நம் வீட்டுப் பையனா, பக்கத்து வீட்டுப் பையனா என்று விசாரிக்கும் முன்னால் கதவைப் பூட்டினார்கள். பிறகு எஃப்டிரேஸ் பக்கமும் தன் பங்கை மறைக்கவில்லை, 2.6.27.1-இல் அந்த வசதி முடக்கப்பட்டு, பின்னால் பாதுகாப்பாக மாற்றி எழுதப்பட்டது. இன்று நம்மில் பாதிப்பேர் தினமும் பயன்படுத்துவது அதே எஃப்டிரேஸைத்தான்.

எக்ஸ்ட்4-இல் இன்னொரு கதை, நாம் அதிகம் செய்கிற தப்பு இது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3-ஐ வெளியிட இருந்தவர்கள் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 6.1.64 என்ற நிலைப் பதிப்பில் கோப்புகள் சேதமாகும் ஆபத்து தெரியவந்தது. முதன்மைக் கிளையில் அந்தத் திருத்தம் சரியாகவே இருந்தது. அதற்கு முன்னால் வந்திருந்த வேறொரு மாற்றத்தின் தோளில் அது நின்றிருந்தது. பழைய 6.1-க்குக் கொண்டுபோனபோது தோள் கூட வரவில்லை. 6.1.66-இல் சரிசெய்தார்கள், டெபியன் 12.4 வந்தது. இதில் எழுதியவர் தப்பா, பழைய பதிப்புக்கு எடுத்துக்கொண்டு போனவர் தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பேட்ச் நிலைக் கிளைக்குப் போகும்போதெல்லாம் உங்களுக்கு ஓர் அஞ்சல் வருகிறது: 'இதைச் சேர்க்கிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.' அதை ஃபில்டர் போட்டுத் திறக்காத ஒரு பெட்டிக்குள் தள்ளியிருக்கிறீர்களா இல்லையா? நான் தள்ளியிருந்தேன். பேட்சை அனுப்பும்போதே, இதற்கு முன் இன்ன கமிட் வேண்டும் என்று நிலைக் கிளைக்கான வரியிலேயே குறிக்க இடம் இருக்கிறது. எத்தனை முறை குறித்தோம்?

இந்த வரிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பேட்சின் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று கையெழுத்துப் போடுகிறோம். அது பொறுப்பை ஏற்கும் கையெழுத்து என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது 2003-இல் போட்ட வழக்குக்குப் பிறகு, 2004-இல் வந்த ஏற்பாடு அது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள். சரியாக ஓடும் என்று அது சொல்வதில்லை. உரிமமும் சொல்வதில்லை, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று ஜிபிஎல் தெளிவாகவே கை கழுவுகிறது. ஆகவே சட்டப்படி நாம் யாருக்கும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. வாதத்துக்கு இது போதும். நள்ளிரவில் 14-ஆவது முறை கம்பைல் செய்கிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொறுப்பு தங்கியிருப்பது 'ஃபிக்சஸ்' வரியில். எந்தக் கமிட் செய்த தப்பை இந்தக் கமிட் சரிசெய்கிறது என்று அதன் அடையாள எண்ணோடு எழுதுகிற வரி. அந்தப் பழைய கமிட் நம்முடையதாக இருந்தால் எழுதக் கை கூசுகிறது. 'சின்னச் சீரமைப்பு' என்று தலைப்பிட்டு, வரியை விட்டுவிட்டு, ஓசைப்படாமல் திருத்தத்தை உள்ளே தள்ளுகிறோம். கொஞ்சம் யோசியுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ எண்ணைக் கெர்னல் திட்டமே கொடுக்கிறது. குறை எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் தீர்ந்தது என்று அறிவிப்பில் எழுதுகிறார்கள். நுழைந்த இடத்தைக் கண்டுபிடிக்க உங்கள் ஃபிக்சஸ் வரி உதவுகிறது. அதை நீங்கள் விழுங்கிவிட்டால், பழைய கெர்னலை எங்கோ ஒரு ரவுட்டரில் வைத்து ஓட்டுகிறவருக்குத் தன் வீட்டில் ஓட்டை இருப்பதே தெரியாமல் போகும்.

கூச்சப்படுகிறவர்கள் 'டர்ட்டி கவ்' ஓட்டையை அடைத்த கமிட்டைப் படித்துப்பாருங்கள். 2016 அக்டோபர். படிக்க மட்டுமே உரிமை உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிகிற ஓட்டை அது, உலகமே பதறியது. அடைத்தவர் லினஸ். இது பழைய வழு, பதினோரு ஆண்டுக்கு முன் நானே இதைச் சரிசெய்ய முயன்று மோசமாகச் செய்தேன் என்று கமிட் செய்தியின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். 2005-இல் செய்த திருத்தம் ஐபிஎம்-இன் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் தந்ததால் திரும்ப எடுக்கப்பட்டதையும் சொன்னார். அந்த வரி அவர் மதிப்பில் ஒரு குன்றிமணி குறைத்ததா? 2021 மார்ச்சிலும் அப்படித்தான். 5.12-இன் முதல் சோதனைப் பதிப்பில், ஸ்வாப் கோப்பு வைத்திருந்தவர்களின் வட்டில் தாறுமாறான இடத்தில் எழுதுகிற வழு வெளிப்பட்டது. அந்தப் பதிப்பின் குறிச்சொல்லிலேயே 'பயன்படுத்தாதே' என்று ஒட்டி, அதன்மேல் எதையும் கட்டாதீர்கள் என்று எல்லாருக்கும் எழுதினார். தான் சமைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று விருந்தாளி இலையில் உட்காருமுன் சொல்கிற சமையற்காரர் நம்மில் எத்தனை பேர்?

உங்களில் சிலர் இப்போது மேலாளர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் சிப் நிறுவனங்களில் பத்துப் பதினைந்து பேரை வைத்து டிரைவர் எழுதவைக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பேட்ச் சேர்ந்ததும் டிக்கெட்டை மூடி, அதை எழுதிய பெண்ணை அடுத்த சிப்புக்கு மாற்றிவிடுகிறீர்கள். அவள் பதில் எழுதாதது அவள் குணக்கேடு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பதில் எழுதும் மணி நேரத்துக்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. 'உன் கமிட்டுக்கு சிவிஇ வந்திருக்கிறதாமே' என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். சேர்ந்த பேட்ச்களை எண்ணுவது போல, வந்த புகாருக்கு எத்தனை நாளில் பதில் போனது என்றும் எண்ணிப்பாருங்கள். இரண்டு பதிப்பு வெளியாகும் வரை, அதாவது நாலைந்து மாதம், வாரத்தில் அரை நாளாவது பழைய பேட்சைப் பார்க்க அவளுக்கு விடுங்கள். எல்லாரும் பல்லக்கில் ஏறிக்கொண்டால் தூக்குவது யார்? நம் டிரைவர்களை இன்று தூக்கிக்கொண்டிருப்பது எங்கோ இருக்கும் இரண்டு மூன்று பராமரிப்பாளர்கள். அவர்களில் சிலர் களைத்துப்போய் விலகுவதையும் பார்க்கிறோம்.

மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை எழுதியிருக்கும். பராமரிப்புக்கென்றே ஒருவருக்குச் சம்பளம் தரப்படுகிறது, ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அவ்வப்போது மட்டும் பார்க்கிறார், அநாதை. 'ஆர்ஃபன்' என்றுதான் எழுதுகிறார்கள். நீங்கள் விட்டுப்போன டிரைவருக்கு எதிரே இன்னும் உங்கள் பெயர் இருந்து, நீங்கள் அதைத் திறந்தே மூன்று வருடமாகிவிட்டது என்றால், அநாதை என்று மாற்றி ஒரு பேட்ச் அனுப்புங்கள். கல்நெஞ்சம் போலத் தோன்றும். பெயருக்கு அப்பன் இருந்து சோறு போடாமல் இருப்பதைவிட, அநாதை என்று தெரிந்தால் யாராவது எடுத்து வளர்ப்பார்கள். வேலை மாறியிருந்தால், பழைய முகவரியைப் புதியதோடு இணைக்கும் வரி ஒன்றை மெயில்மேப் கோப்பில் சேருங்கள். ஒரே வரிதான்.

அடுத்த முறை ஒருவர் எழுதும்போது, தப்பு உங்களுடையதா என்று ஆராய்வதற்கு முன்னால், 'பார்த்தேன், நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று பதில் போடுங்கள். அந்தப் பதிலில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எதுவும் இல்லை. சிஸ்பாட் போன்ற வழு தேடும் தானியங்கி கைகாட்டினாலும் போடுங்கள். அது சில நேரம் தப்பான கமிட்டில் போய் நிற்கும், அப்போது ஏன் தப்பு என்று இரண்டு வரி எழுதினால் அடுத்தவருக்கு அலைச்சல் மிச்சம். ஒரு வாரம் பாருங்கள். காரணம் பிடிபடவில்லை என்றால், பராமரிப்பாளர் செய்யட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் கமிட்டை நீங்களே ரிவர்ட் செய்து அனுப்புங்கள். அதில் 'ரிப்போர்ட்டட்-பை' என்ற வரியில் புகார் தந்தவரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். அவருக்கும் அம்மா இருப்பார், அவரும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார்.

போன ஆண்டு, என் கமிட்களைக் குறிக்கும் ஃபிக்சஸ் வரிகள் எத்தனை என்று வரலாற்றில் தேடினேன். ஏழு வந்தன. அவற்றில் இரண்டுதான் நானே எழுதியவை. மற்ற ஐந்தும் யாரோ எனக்காகச் சுமந்தவை. அப்படியே அந்த டச்பேட் மாணவருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னது சரி, நான் பதினோரு நாளை வீணடித்தேன் என்று நாலு வரி. அது கல்லூரி முகவரி. படிப்பு முடிந்து போயிருப்பார். கடிதம் திரும்பி வந்துவிட்டது.

உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தின் முகவரி இன்னும் உயிரோடு இருக்கும். இன்றைக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பேட்ச் அனுப்பும் ஒருவன்